சாவுக்குக் கூடும் ஊர் முதுமைக்கும் கூடட்டும்

ஜொகூர் மாநிலத்து யோங் பெங்கில் ஒரு தமிழர் வீட்டில் துக்கம் என்றால், சில மணி நேரத்துக்குள் அந்தத் தாமானே, குடியிருப்பே, கூடிவிடும். வாட்ஸ்அப்பில் செய்தி விழுந்ததும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஷிப்டை மாற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வந்து சேர்வார்கள். ஒருவர் கூடாரத்துக்குப் போன் அடிப்பார். இன்னொருவர் இறந்தவரின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு ஓடுவார். பக்கத்து வீட்டில் காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கும். நாற்காலியும் பெட்டியும் காரியத்துக்கான சாமான்களும் கேட்காமலே வந்து இறங்கும். கையில் காசில்லாத வீடாக இருந்தாலும் எடுப்பதில் குறை வைக்கமாட்டார்கள். மரண சகாய நிதி கைகொடுக்கும். இல்லாவிட்டால் இளைஞர்களே ஆளுக்கு ஐம்பது, நூறு வெள்ளி என்று போட்டுவிடுவார்கள்.

இறந்தவர் அதற்கு முன்பு ஐந்தாறு ஆண்டுகள் எப்படி இருந்தார் என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். மகள் ஒருத்தி வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டாள். அல்லது அவர் தனியாகத்தான் இருந்தார். பக்கத்து வீட்டார் அவ்வப்போது எட்டிப் பார்த்தார்கள், மகன் மாதாமாதம் பணம் அனுப்பினான். அந்த ஆண்டுகளுக்கென்று நிதியும் கிடையாது, குழுவும் கிடையாது.

‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெற்றோர்மேல் அக்கறை இல்லை’ என்பது நம் மேடைகளில் அலுக்காமல் ஒலிக்கும் குற்றச்சாட்டு. துக்க வீட்டில் இரவு பகலாக நிற்கிற அதே பிள்ளைகளைப் பார்த்த பிறகு அதை நம்புவது கடினம். அக்கறையும் உழைப்பும் பணமும் அவர்களிடம் இருக்கின்றன. ஒரு மரணம் நேர்ந்தால் யார் எதைச் செய்யவேண்டும் என்பதற்கு ஊரில் வழிமுறை உண்டு. ஒருவர் முதுமையில் விழுந்தால் அப்படி எதுவும் இல்லை. மலாய்க்காரர்களிடம் பள்ளிவாசலை ஒட்டிய ‘கைராட் கெமாத்தியான்’ என்ற மரண நிதி இருக்கிறது. சீனர்களிடம் ஈமக்காரியத்துக்குத் தோள்கொடுக்கும் சங்கங்கள் இருக்கின்றன. மூன்று இனத்தாரும் சாவைப் பொதுக்காரியமாகவும் முதுமையைச் சொந்தக்காரியமாகவும் பிரித்து வைத்திருக்கிறோம்.

தோட்டம் கற்றுத்தந்த கணக்கு

முதுமையைக் குடும்பம் மட்டுமே பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதைத் தொன்றுதொட்ட தமிழ் மரபு என்று பலர் நம்புகிறார்கள். மலேசியத் தமிழரின் வரலாறு அவ்வளவு எளிதாக அதை ஒப்புக்கொள்ளாது.

ரப்பர் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் தாய் குழந்தையை அங்கே விட்டுச் செல்வாள். மரம் வெட்ட முடியாத வயதான பெண்ணொருத்தி பத்துப் பதினைந்து பிள்ளைகளைத் தூளியாட்டிப் பார்த்துக்கொள்வாள். ஊர்ப் பிள்ளைகளை ஊரே வளர்த்த ஏற்பாடு அது. நிர்வாகம் அதற்கு இடம் கொடுத்ததில் லாபக் கணக்கு இருந்தது. தாயின் கை பால்மரத்துக்குத் தேவைப்பட்டது.

கை ஓய்ந்தவர்களுக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை. 1907-ல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து நடத்தப்பட்டது. பின்னர் இந்தியக் குடியேற்ற நிதி என்றும், 1958-ல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்றும் பெயர் மாறியது. ஆள் கொண்டுவருவதற்காகப் பிறந்த அந்த நிதி, தளர்ந்துபோன தொழிலாளரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பவும் போக்கிடம் இல்லாதவர்களுக்கு இல்லம் நடத்தவும் செலவானது. 1999-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதைக் கலைத்துவிட்டது. நம் முதியோருக்கென்று இந்த மண்ணில் இருந்த பழைய பொதுநிதி அத்தோடு முடிந்தது.

பிறகு தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, துண்டாடப்பட்டன, கைமாறின. யோங் பெங், சாஆ, லாபிஸ், குளுவாங் சுற்றுவட்டாரத்து லயங்களில், தோட்ட வரிசை வீடுகளில், இருந்தவர்கள் சிறுபட்டண வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்தார்கள். லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். தாமானில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரும்புக் கதவும் பூட்டும் உண்டு. ஆயாக் கொட்டகையில் தவழ்ந்த தலைமுறைக்கு இன்று எழுபது வயது. பிள்ளைகளாக இருந்தபோது அவர்களை ஊர் கூட்டாகப் பார்த்துக்கொண்டது. முதியவர்களான பிறகு பூட்டிய கதவுக்குள் தனித்தனியாக இருக்கிறார்கள்.

அக்கரைச் சம்பளம்

யோங் பெங் ஒரு சாலையோர ஊர். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் ஓடும் பஸ்கள் நின்று பயணிகள் பசியாறிப் போகும் இடம் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு அதைத் தெரியும். 1994-ல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு அந்தச் சாலை ஊரின் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனது. ஜொகூர் பாரு நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் தொலைவுதான், ஆனாலும் தினமும் போய்வர முடியாது. அங்கே அறை எடுத்துத் தங்கி, அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, கடற்பாலத்தில் மோட்டார் வரிசையில் நின்று சிங்கப்பூர் போகிறவர்கள் உண்டு. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது போகாதே என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

இந்தப் பிள்ளைகளைச் சுயநலக்காரர்கள் என்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அனுமதிச் சீட்டில் சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியருக்கு அந்நாட்டின் மத்திய சேமநிதி கிடையாது. இங்கே ஊழியர் சேமநிதியில் முதலாளி பங்கும் விழாது. தானாக முன்வந்து கட்டினால்தான் உண்டு. சிங்கப்பூர் 2020-ல் கொண்டுவந்த ‘கேர்ஷீல்ட் லைஃப்’ காப்பீட்டில், 1980-லும் அதற்குப் பிறகும் பிறந்த அதன் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் முப்பது வயதிலிருந்தே சந்தா கட்டுகிறார்கள். படுக்கையில் விழுந்தால் மாதாமாதம் பணம் வரும். பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் யோங் பெங் பிள்ளைக்கு அது இல்லை. அப்பா அம்மாவுக்கு அனுப்பி, தம்பிக்குக் கட்டி, வீட்டுக் கடன் அடைத்தபின் தன் முதுமைக்கென்று அந்தப் பிள்ளை எதையும் எடுத்துவைக்கவில்லை.

ஊரில் தங்கியவர்கள் நிலையும் மெச்சும்படி இல்லை. கோவிட் காலத்தில் சேமநிதியிலிருந்து மக்கள் எடுத்த தொகை மொத்தம் 14,500 கோடி ரிங்கிட். வேலை இழந்தவர்கள் அன்றைய சோற்றுக்கு நாளைய சேமிப்பை உடைத்தார்கள். அந்தப் பள்ளம் முதுமையில்தான் தெரியும்.

இவற்றோடு நாட்டின் வயதும் கூடுகிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 65 வயதைத் தாண்டியவர்கள் 5 விழுக்காடு, 2020-ல் 6.8 விழுக்காடு. 2044 வாக்கில் இது 14 விழுக்காடாகவும், 2056-ல் 20 விழுக்காடாகவும் உயரும் என்பது உலக வங்கியின் கணிப்பு. முன்பு எட்டுப் பிள்ளைகள் பெற்ற வீட்டில் இன்று இரண்டு பிள்ளைகள். ஒருவர் அக்கரையில், ஒருவர் கோலாலம்பூரில். எட்டுப் பேர் சுமந்ததை இரண்டு பேர் சுமக்கவில்லை என்று கோபிப்பதில் நியாயம் இல்லை.

ஒரு கண் பரிசோதனைக்கு ஒரு நாள்

பணம் அனுப்பிவிட்டால் தீர்ந்துவிடுமா? யோங் பெங்கிலிருந்து ஒரு மூதாட்டி கண் பரிசோதனைக்குப் பத்து பகாட் அரசு மருத்துவமனைக்குப் போவதை எடுத்துக்கொள்வோம். முப்பது கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். காலையிலேயே போய் எண் எடுக்கவேண்டும். பஸ் ஏற முட்டி ஒத்துழைக்காது. வாடகைக் காடிக்குப் போக வர ஆகும் காசை மகன் அனுப்பிவிடுவான், அது பிரச்சினை இல்லை. ஆனால் கவுண்டரில் மலாயில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்லவும், கண்ணில் சொட்டு மருந்து விட்டபின் மங்கிய பார்வையோடு கழிவறைக்குக் கைபிடித்து அழைத்துப் போகவும் ஓர் ஆள் வேண்டும். மாத்திரையில் எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று பையின்மேல் பேனாவால் பெரிதாக எழுதித் தரவும் வேண்டும். அந்த ஆளை அக்கரையிலிருந்து பணமாக அனுப்ப முடியாது. ஆள் கிடைக்காததால் தவறவிட்ட தேதிகள் எத்தனை என்பது நம் வீட்டு அலமாரிகளில் கிடக்கும் கிளினிக் அட்டைகளைப் புரட்டினாலே தெரியும்.

2018-ல் சுகாதார அமைச்சு முதியோரிடையே நடத்திய தேசிய ஆய்வில், அறுபது கடந்தவர்களில் 17 விழுக்காட்டினருக்குக் குளிப்பது, உடுத்துவது, எழுந்து நடப்பது போன்ற அன்றாடக் காரியங்களில் சிரமம் இருந்தது. 8.5 விழுக்காட்டினரிடம் மறதிநோயின் அறிகுறிகள் தென்பட்டன. 2019-ன் ஆய்வில் நாட்டில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம், ஏறக்குறைய மூவரில் ஒருவர். சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் பழுதானால் வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். கூட்டிப்போய்க் கூட்டிவர ஒருவர் தம் வாரத்தின் பாதியைக் கொடுக்கவேண்டும்.

அந்த ஒருவர் பெரும்பாலும் பெண். மகள், மருமகள், திருமணமாகாத அக்காள். மலேசியாவில் வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் உழைப்புச் சந்தையில் இருப்பவர்கள் 56 விழுக்காடு அளவில்தான். ஆண்களில் 80 விழுக்காட்டுக்கு மேல். வீட்டுப் பொறுப்பு இந்த இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணம். ‘பிள்ளைகள் பெற்றோரைப் பார்க்கவேண்டும்’ என்று நாம் மேடையில் பொதுவாகச் சொல்வது வீட்டுக்குள் வந்ததும் ‘இந்தப் பெண் பார்க்கவேண்டும்’ என்றாகிவிடுகிறது. முதுமையைக் குடும்பத்தின் சொந்தக்காரியமாக வைத்திருப்பதற்கான விலையை அவள்தான் கட்டுகிறாள். சேமநிதி இல்லாமல் அவளும் ஒருநாள் முதுமைக்குள் நுழைவாள்.

சட்டத்தால் எவ்வளவு முடியும்?

பெற்றோரைக் கைவிடுகிறவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பது அடிக்கடி எழும் குரல். சிங்கப்பூர் 1995-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இயற்றியது. வால்டர் வூன் என்ற நியமன உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது அது. இந்தியா 2007-ல் இதேபோன்ற சட்டம் செய்தது. மலேசியாவில் முதியோருக்கான சட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே இருக்கிறது.

சட்டம் வேண்டும், போக்கற்ற ஒருவருக்கு முறையிட ஓர் இடம் இருக்கவேண்டும். ஆனால் அது கடைசி வலையாக இருந்தால் போதும். சிங்கப்பூரே அனுபவத்தில் படித்து, வழக்குக்கு முன் சமரசப் பேச்சு நடக்கவேண்டும் என்று பின்னாளில் சட்டத்தைத் திருத்தியது. பிள்ளையைச் சிறுவயதில் கைவிட்ட, கொடுமைப்படுத்திய பெற்றோர் வந்து கேட்டால் தீர்ப்பாயம் மறுக்கவும் அங்கே இடம் உண்டு. குடித்துவிட்டு அடித்த தகப்பனை எந்தக் கணக்கில் பார்த்துக்கொள்வது என்று கேட்கும் பிள்ளைகள் நம்மிடையே இல்லாமல் இல்லை. நன்றிகெட்டவர்கள் என்று அவர்களை ஏசுவதால் அந்த வயோதிகருக்கு ஒரு வேளைச் சோறு வரப்போவதில்லை. அவரையும் பார்க்க வேறொரு கை வேண்டும். குடும்பம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்றும் சொல்லமுடியாது. சமூகநல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 500 ரிங்கிட்டிலிருந்து 600 ஆனது. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. திடகாத்திரமான முதியோர் பகலில் கூடிப் பேசிப் பாட நடவடிக்கை மையங்கள் இருக்கின்றன. ஆதரவற்றோருக்கு ‘ருமா ஸ்ரீ கெனாங்ஙான்’ இல்லங்கள் இருக்கின்றன. நன்றாக இருப்பவருக்கு மையம், யாருமே இல்லாதவருக்கு இல்லம். பிள்ளைகள் உண்டு, ஆனால் பக்கத்தில் இல்லை, உடம்பும் முன்போல் இல்லை என்கிறவருக்குத்தான் எதுவும் இல்லை. யோங் பெங்கில் பெரும்பாலோர் இந்த நடுப்பிரிவில்தான் வருகிறார்கள். தோட்டத்தில் பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிறவர்களுக்குக் குடியுரிமை இல்லாததால் அந்த 600 ரிங்கிட்டும் எட்டாது.

பங்கிட்டுக்கொண்ட ஊர்கள்

கேரளத்தில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் சில மருத்துவர்கள் வலிநிவாரண மருத்துவத்துக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். நோயாளிகள் மருத்துவமனைக்கு வரமுடியாமல் வீட்டிலேயே கிடப்பதைப் பார்த்து, 1990-களின் இறுதியில் மலப்புறம் பகுதியில் அதை ஊர்மக்களிடமே கொண்டுபோனார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் யார், எந்த வீட்டில், என்ன வேண்டும் என்று கணக்கெடுப்பது பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தார். செவிலியர் வீட்டுக்கே போவார். செலவில் பெரும்பகுதி கடைக்காரரும் கூலிக்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் போடும் சில்லறையிலிருந்து வந்தது. கல்லூரி மாணவர்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். 2008-ல் மாநில அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. இன்று பஞ்சாயத்துகள் வீட்டுப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குகின்றன. ஊர் முதலில் நடத்திக் காட்டியது, அரசு பிறகு வந்து சேர்ந்தது.

ஜப்பானில் 2000-லிருந்து நாற்பது வயதைக் கடந்த எல்லோரும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுக்குச் சந்தா கட்டுகிறார்கள். நமக்கு அதைவிடப் பொருத்தமானது அங்குள்ள இன்னொரு வழக்கம். ஒருவர் தம் ஊரில் ஒரு முதியவருக்குக் கொடுத்த மணி நேரங்கள் கணக்கில் எழுதப்படும். அதை வேறு ஊரிலுள்ள தம் பெற்றோருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அங்குள்ள உறுப்பினர் யாராவது போய்ப் பார்த்துக்கொள்வார். அதையே இங்கே செய்வதாக நினைத்துப் பாருங்கள். ஜொகூர் பாருவில் இருக்கும் யோங் பெங் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அங்கே ஒரு பெரியவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறான். யோங் பெங்கில் இருக்கும் பிள்ளை இவன் அம்மாவைப் பத்து பகாட்டுக்குக் கூட்டிப் போகிறாள். மரண அறிவிப்பை நொடியில் பரப்பும் வாட்ஸ்அப் குழு இதைச் செய்யாதா?

இங்கே எப்படித் தொடங்குவது?

நம் சமூகத்துக்குக் கூட்டு முயற்சி புதிதல்ல. 1960-ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், மாதம் பத்து வெள்ளி போட்ட தோட்டத் தொழிலாளரைத் தோட்டங்களுக்கே உடைமையாளர் ஆக்கியது. மரண சகாய நிதியை நடத்தும் ஆலய நிர்வாகத்திடம் உறுப்பினர் பட்டியலும் வங்கிக் கணக்கும் ஊர் நம்பிக்கையும் ஏற்கெனவே இருக்கின்றன. அதே நிதியில் முதுமைக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறப்பதுதான் முதல் வேலை. வெளியூரில் இருப்பவர்கள் மாதச் சந்தா கட்டட்டும். ஊரில் இருப்பவர்கள் நேரம் தரட்டும். சங்கமாகவோ கூட்டுறவாகவோ பதிந்து, ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்து வெளியிடவேண்டும். கூட்டுப் பணம் பிடிப்பது 1971-லிருந்தே சட்டப்படி குற்றம். அந்தப் பாதையில் போய் ஊர்க் காசைத் தொலைத்தவர்கள் கதை நமக்குப் போதும்.

இரண்டாவது, தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல். யார், எந்தத் தாமான், எந்தத் தேதியில் கிளினிக், சாவி யாரிடம், அவசரத்துக்கு எந்த எண். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இளைஞர் மணிமன்றமும் சேர்ந்தால் ஒரு மாதத்தில் முடியும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டு ஆயிரக்கணக்கானவர்களைச் சமாளிக்கும் இளைஞர்களுக்கு நாற்பது, ஐம்பது வீட்டுக் கணக்கு பெரிய காரியமில்லை.

மூன்றாவது, பராமரிப்பைச் சம்பளம் உள்ள வேலையாக்குவது. தொண்டு உள்ளத்தால் கிளினிக்குக்குக் கூட்டிப் போகலாம். தினமும் குளிப்பாட்டி, புண்ணைத் துடைத்து, படுக்கையில் புரட்டிப் போடுவதைத் தொண்டாகவே பத்து ஆண்டுகள் கேட்கமுடியாது. முதியோர் பராமரிப்பில் திறன் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. ஊரிலேயே இருக்க விரும்பும் ஆணையும் பெண்ணையும் அதில் சேர்த்து, ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் அக்கரைக்குப் போகாமலே ஒரு வேலை உருவாகும். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை ஆறு குடும்பங்கள் பங்கிட்டால் ஆளுக்கு முந்நூறு வெள்ளிக்குள் வரும்.

அரசிடம் கேட்கவேண்டியதும் இருக்கிறது. 2023-ல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் பிரசவ விடுப்பை 98 நாளாக்கியது, தந்தைக்கு ஏழு நாள் கொடுத்தது. பெற்றோரைக் கவனிக்க ஒரு நாளும் தரவில்லை. நெகிழ்வான வேலைநேரம் கேட்டு விண்ணப்பிக்கும் உரிமையை அதே சட்டம் தந்திருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்லியாகவேண்டும். பெற்றோருக்காக அதைப் பயன்படுத்தலாம் என்பது நம் இளைஞர்களுக்குத் தெரியவேண்டும். வரப்போகும் முதியோர் சட்டத்தில் தண்டனைப் பிரிவை மட்டும் எழுதி வைக்காமல், பராமரிப்பு விடுப்பையும் வீட்டுப் பராமரிப்புக்கு மாவட்ட மன்றங்கள் வழியாக நிதியையும் சேர்க்கச் சொல்லி நம் சட்டமன்ற, நாடாளுமன்றப் பிரதிநிதிகளிடம் எழுதிக் கேட்கவேண்டும்.

பெரியவர்களும் கொஞ்சம் இறங்கி வரவேண்டும். வெளியாள் வந்து குளிப்பாட்டுவதா, பக்கத்து வீட்டுப் பையனிடம் போய் உதவி கேட்பதா, ஊர் என்ன சொல்லும் என்று கூசுகிறார்கள். மகன் இருக்கும்போது மகளிடம் கேட்பதா என்கிற வீம்பும் சில வீடுகளில் உண்டு. முதுமையில் உதவி கேட்பது வெட்கமில்லை என்று முதலில் பெரியவர்கள் சொன்னால்தான் இளையவர்களுக்கு நெருங்கிவர வழி கிடைக்கும்.

இன்று முப்பதைத் தொடும் பிள்ளைக்கு, நாட்டில் ஐவரில் ஒருவர் முதியவராகப்போகும் 2056-ல் அறுபது வயது. அந்தப் பிள்ளைக்கு ஒரே குழந்தை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்போது கட்டும் சந்தாவும் எழுதும் மணிக்கணக்கும் பெற்றோருக்கான நன்றிக்கடன் என்பதோடு நிற்காது. தன் எழுபதாவது வயதில் தன் கதவைத் தட்டப்போகிற ஆளுக்கான முன்பணமும் அதுதான். வரும் ஆலய ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் திருவிழாக் கணக்குக்கு அடுத்தபடியாக ‘முதியோர் பராமரிப்பு நிதி’ என்று ஒரு தீர்மானத்தை இளைஞர் ஒருவர் முன்மொழியட்டும். வழிமொழிவது பெரியவர்களின் பொறுப்பு.